குழந்தையின் மண்டை ஆபரேஷன் எந்த மாதத்தில்? காலண்டரை வைத்து ஒரு கணக்கு

உங்கள் குழந்தைக்கு இன்றைக்கு எத்தனை வாரம் ஆகிறது? மாதக் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கு சொல்லுங்கள். "தலை நீளமா இருக்கு, டாக்டர் கிரேனியோசினாஸ்டோசிஸ்னு சொல்றாரு, எப்ப ஆபரேஷன் பண்ணலாம்" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான். என் பையனுக்கு நடந்தபோது இந்தக் கணக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. நாலு மாதம் சும்மா ஓடிவிட்டது.

நான் டாக்டர் இல்லை. பிறந்த ஊர் ஏற்காடு பக்கம், இப்போது இருப்பது சேலம் அஸ்தம்பட்டி, இதே ஆபரேஷன் நடந்த ஒரு பையனுக்கு அம்மா. இங்கே எழுதுவது தேதிகளை எப்படித் திட்டமிடுவது என்பதைப் பற்றி மட்டும். கத்தியை எடுக்கலாமா வேண்டாமா என்பதை உங்கள் குழந்தையின் தலையைக் கையால் தொட்டுப் பார்த்த சர்ஜன்தான் சொல்ல வேண்டும்.

பிறந்த குழந்தையின் மண்டை ஒரே ஓடு இல்லை. பல எலும்புத் தட்டுகள், நடுவில் இடைவெளிக் கோடுகள். அந்தக் கோட்டைத்தான் ஆஸ்பத்திரியில் ஸூச்சர் என்கிறார்கள். உள்ளே மூளை வளர வளர, தட்டுகள் விலகி இடம் கொடுக்கும். ஏதாவது ஒரு கோடு காலத்துக்கு முன்பே எலும்பாக மூடிக்கொள்வதுதான் கிரேனியோசினாஸ்டோசிஸ். அப்படி மூடினால், அந்தக் கோட்டுக்குக் குறுக்கே தலை அகல முடியாது, அதனால் திறந்திருக்கிற பக்கமாகப் பார்த்து வளரும். உச்சியில் முன்பின்னாக ஓடும் கோடு மூடினால் தலை படகு மாதிரி நீண்டு ஒடுங்கும், இதுதான் அதிகம் வருவது, என் பையனுக்கும் இதுதான். நெற்றி நடுக்கோடு மூடினால் நெற்றி முக்கோணமாகும். காதுக்கு மேலே ஏறும் முன்கோடு ஒரு பக்கம் மட்டும் மூடினால் அந்தப் பக்க நெற்றி தட்டையாகி, புருவம் ஏறிக்கொள்ளும். பின்மண்டைக் கோடு மூடுவது அபூர்வம். மொத்தத்தில் சுமார் 2000 முதல் 2500 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது, ஆக நம் தெருவில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்பது ஆச்சரியம் இல்லை.

இப்போது ஏன் வாரக் கணக்கு என்று கேட்டேன் என்றால், தலை வளரும் வேகம் அப்படி. பிறக்கும்போது தலைச் சுற்றளவு 34, 35 சென்டிமீட்டர். முதல் மூன்று மாதம் மாதத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர், அடுத்த மூன்று மாதம் 1, அதன் பிறகு ஒரு வயது வரை மாதத்துக்கு அரை. முதல் பிறந்த நாளைக்கு 45, 46 வந்துவிடும். தலையைத் திருத்துகிற வேலையில் பாதியை வளர்கிற மூளையே செய்யும், சர்ஜன் வழியைத் திறந்துவிடுகிறார், அவ்வளவுதான். அந்தத் தள்ளும் சக்தி முதல் ஆறு மாதத்தில்தான் அதிகம்.

இதனால் ஆபரேஷனுக்கு இரண்டு வாசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாசல் சின்னது. எண்டோஸ்கோப், அதாவது சின்னக் குழாய்க் கேமரா, வழியாகச் செய்வது. இரண்டு சிறிய வெட்டு, அதன் வழியாக மூடிய கோட்டை ஒரு பட்டையாக எடுத்துவிடுகிறார்கள். 1990களில் அமெரிக்காவில் ஜிமெனஸ், பரோன் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். மூன்று மாத வாக்கில் செய்தால் மிக நன்றாக வேலை செய்யும், பெரும்பாலான இடங்களில் ஆறு மாதத்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள். ஆபரேஷன் நேரம் சுமார் ஒரு மணி, ரத்த இழப்பு குறைவு, பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு. ஆனால் அதோடு முடியாது. அளவெடுத்துச் செய்த ஹெல்மெட்டை ஒரு நாளைக்கு 23 மணி நேரம், பல மாதம் போட வேண்டும். ஹெல்மெட்டுக்குப் பதில் எலும்புக்கு நடுவே ஸ்பிரிங் வைக்கும் முறையும் உண்டு, அதையும் ஏறக்குறைய இதே வயதில், மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்கிறார்கள், ஆனால் ஸ்பிரிங்கை எடுக்க இன்னொரு சின்ன ஆபரேஷன் உண்டு.

இரண்டாவது வாசல் பெரியது. ஒரு காதிலிருந்து மறு காது வரை தலைக்கு மேலாக வெட்டி, எலும்பை எடுத்து, வடிவம் மாற்றித் திரும்ப வைப்பது. இதை ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் செய்வார்கள். நெற்றியும் கண்குழி மேல்விளிம்பும் முன்னால் நகர்த்த வேண்டிய கேஸ் என்றால் ஒன்பது, பத்து மாதம் வரை பொறுத்துச் செய்கிறவர்கள் அதிகம், ஏனென்றால் எலும்புக்குக் கொஞ்சம் கெட்டித்தனம் இருந்தால்தான் வைத்த இடத்தில் நிற்கும். பல மணி நேர ஆபரேஷன், ரத்தம் ஏற்ற வேண்டி வரும், ஒரு ராத்திரியாவது ஐ.சி.யூ. ஹெல்மெட் பெரும்பாலும் தேவைப்படாது.

என் பையனுக்கு ஒன்பதாவது மாதத்தில் இரண்டாவது வாசலில்தான் நடந்தது. முதல் வாசல் எப்படிக் கைவிட்டுப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மாயி, "எண்ணெய் வெச்சு நாலு நாள் உருட்டுனா தலை சரியாப் போயிரும், உன் மாமனுக்கு நான்தான் உருட்டி எடுத்தேன்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, பிரசவத்தில் அழுங்கி வந்த தலை தானாகச் சரியாவதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸ்தான் உச்சியில் விரல் வைத்துப் பார்த்து, "இங்க வரப்பு மாதிரி மேடு இருக்குங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். காட்டினோம். ஒரு தனியார் கிளினிக்கில், "உச்சிக்குழி திறந்துதானே இருக்கு, ஒண்ணும் இல்லை, ஆறு மாசம் போகட்டும்" என்று அனுப்பிவிட்டார்கள். உச்சிக்குழி திறந்திருந்தாலும் பின்னால் கோடு மூடியிருக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உச்சிக்குழியை மட்டும் வைத்து யாராவது ஆமாம் என்றோ இல்லை என்றோ முடிவு சொன்னால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

ஆகவே நான் சொல்லும் கணக்கு இது. தினசரிக் காலண்டரில் 6, 10, 14 ஆகிய வாரங்களை வட்டம் போடுங்கள். எப்படியும் அந்த வாரங்களில் தடுப்பூசிக்குப் போகத்தான் போகிறீர்கள். 6 வாரத்தில் தலையைப் பார்க்கச் சொல்லுங்கள், சுற்றளவு எடுத்துத் தாய் சேய் நல அட்டையில் எழுதச் சொல்லுங்கள். 10 வாரத்தில் வடிவம் மாறாமல் இருந்தாலோ மோசமானாலோ குழந்தை நல மருத்துவர். 14 வாரத்துக்குள் மண்டை ஆபரேஷன் செய்து பழகிய நியூரோ சர்ஜன் ஒருவர் குழந்தையைப் பார்த்திருக்க வேண்டும். பயப்பட வேண்டிய தேதி ஆபரேஷன் தேதி இல்லை, இந்த 14 வாரம்தான். ஏனென்றால் முதல் வாசலுக்கு ஆள் பிடிக்க, காப்பீடு அனுமதி வாங்க, ரத்தப் பரிசோதனை முடிக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னும் நாலைந்து வாரம் ஆகும். 14 வாரம் தாண்டிவிட்டதா? சரி, உடனே போங்கள், ஆனால் அழுதுகொண்டு போக வேண்டாம். இரண்டாவது வாசல் இருக்கிறது, என் பையன் இப்போது இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறான் என்று டீச்சர் புகார் சொல்கிறார்.

குறைமாதக் குழந்தை என்றால் உங்கள் காலண்டர் வேறு, திருத்திய வயதைத்தான், அதாவது பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ணும் வயதைத்தான், சர்ஜன் கணக்கில் எடுப்பார். இன்குபேட்டரில் பக்கவாட்டில் படுத்தே இருந்த குழந்தைகளுக்குக் கோடு மூடாமலேயே தலை நீளமாக இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாரம் ஒரு நாள், குளிப்பாட்டி முடி ஈரமாக ஒட்டியிருக்கும்போது, மடியில் உட்காரவைத்து நேர் மேலிருந்து ஒரு படம், முன்னால் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, பின்னால் ஒன்று எடுங்கள். மேலிருந்து எடுக்கும் படத்தில் இரண்டு காதும் மூக்கு நுனியும் தெரிய வேண்டும். சுற்றளவுக்குத் தையல் டேப்பைப் புருவத்துக்கு மேலும் பின்னால் அதிகம் துருத்தும் இடத்திலும் வைத்து, மூன்று தடவை எடுத்து, பெரிய அளவை எழுதுங்கள். எங்கள் சர்ஜன் சி.டி. ஸ்கேனுக்கு முன்னால் என் போனைத்தான் வாங்கிப் பத்து நிமிடம் பார்த்தார்.

அந்த மேல்படம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். ஒரே பக்கமாகப் படுத்துப் பின்மண்டை தட்டையாவது வேறு விஷயம், அதற்கு ஆபரேஷனே வேண்டாம். அதில் தலை சாய்ந்த பெட்டி மாதிரி தெரியும், தட்டையான பக்கத்துக் காதும் நெற்றியும் முன்னால் தள்ளியிருக்கும். பின்கோடு மூடியிருந்தால் அந்தப் பக்கக் காது பின்னாலும் கீழேயும் இழுபட்டு, காதுக்குப் பின்னால் ஒரு புடைப்பு இருக்கும். படுத்துத் தட்டையானதற்கு முழித்திருக்கும்போது குப்புறப் போடுவது, தொட்டில் திசையை மாற்றுவது, கழுத்து ஒரு பக்கம் இறுக்கமாக இருந்தால் பிசியோதெரபி, இதெல்லாம் போதும். தூங்கவைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்க. தூளியில் போட்டதால் கோடு மூடவில்லை, அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டாம். நெற்றி நடுவில் லேசான மேடு மட்டும் இருந்து, நெற்றி வடிவம் சரியாக இருந்தால் அதற்கும் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லை, அந்தக் கோடு இயல்பாகவே மூன்று முதல் ஒன்பது மாதத்துக்குள் மூடுவதுதான்.

"கண்டுபிடிச்சாச்சு, நாளைக்கே பண்ணிருங்க" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நீங்களும் கேட்பீர்கள். அதற்குப் பதில் ரத்தத்தில் இருக்கிறது. குழந்தை உடம்பில் கிலோவுக்குச் சுமார் 80 மில்லி ரத்தம். மூன்று மாதத்தில் ஐந்தரைக் கிலோ என்றால் 440 மில்லி, அதாவது இரண்டு டம்ளர் சொச்சம். பெரியவர் ஒருவர் ரத்த தானம் செய்யும் பையே 350 மில்லி. ஒன்பது மாதத்தில் எட்டுக் கிலோ வந்தால் 640 மில்லி. பெரிய ஆபரேஷனுக்கு ஏன் எடை ஏறட்டும் என்கிறார்கள் என்பது இதில் புரியும். அதோடு எல்லாக் குழந்தைக்கும் இரண்டு, மூன்று மாத வாக்கில் ஹீமோகுளோபின் இயல்பாகவே இறங்கி, பிறகு ஏறும். அந்தப் பள்ளத்தில் பெரிய வெட்டு வேண்டாம் என்பதுதான் யோசனை.

சரி, அப்படியென்றால் இரண்டு வயது வரை பொறுத்தால் இன்னும் பலம் வருமே? வராது, அல்லது வரும் ஆனால் விலை அதிகம். எலும்பு கெட்டியாகி வளைக்க முடியாமல் போகும். எலும்பை எடுத்த இடத்தில் விடும் இடைவெளியை, மூளைக்கு மேலிருக்கும் உறை புது எலும்பால் நிரப்பிவிடும், ஆனால் இந்தத் திறமை சின்ன வயதில்தான் நன்றாக இருக்கும், ஒரு வயதுக்கு மேல் குறைந்துகொண்டே போகும். மூளை தள்ளும் வேகமும் அதற்குள் அடங்கிவிடும். பிந்தி வந்த குழந்தைக்கும் செய்கிறார்கள், குறிப்பாக உள்ளே அழுத்தம் இருந்தால் எந்த வயதிலும் செய்வார்கள், ஆனால் வேலை பெரிதாகிவிடும்.

இந்த வாசல் கணக்கு எதுவும் பொருந்தாத குழந்தைகளும் உண்டு. கை விரல்கள் ஒட்டிப் பிறந்தால், கண்கள் வெளியே பிதுங்கியிருந்தால், மூச்சு வாங்கினால், பல கோடுகள் மூடியிருந்தால், அது ஏபர்ட், க்ரூசான் மாதிரி பரம்பரை அணு (ஜீன்) சம்பந்தப்பட்ட நோயாக இருக்கலாம். அங்கே அவசரம் வேறு, பின்மண்டையை முதலில் விரித்துக் கொடுப்பது, கண்ணையும் மூச்சையும் காப்பது, அப்புறம் முன்பக்கம், இப்படிப் பல கட்டம். ஒரே ஒரு கோடு மட்டும் மூடியவர்களுக்கு உள் அழுத்தம் ஏறுவது சிறுபான்மை, பல கோடு என்றால் அந்த வாய்ப்பு நன்றாகவே கூடும். உச்சிக்குழி புடைத்து இறுகுவது, கண்மணி கீழே இறங்கி மேல் வெள்ளை தெரிவது, எழுப்பினாலும் எழாத தூக்கம், காலையில் திரும்பத் திரும்ப வாந்தி, இதில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் பார்க்காமல் அன்றைக்கே போங்கள். ஏற்காடு மலையிலிருந்து இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்தால் ரோட்டைத் திட்டலாம், வீட்டில் படுத்திருக்கும்போது எடுத்தால் திட்ட ஆள் இல்லை, கிளம்ப வேண்டியதுதான்.

எங்கே காட்டுவது? மலை ஊர்க்காரர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதி வாங்கிக்கொண்டு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவிலும் நியூரோ சர்ஜரியிலும் காட்டலாம். அங்கே கேட்க வேண்டியது, "இதை இங்கேயே செய்வீர்களா, வேறு இடத்துக்கு எழுதுவீர்களா" என்பதை நேரடியாக. குழந்தை நியூரோ சர்ஜன், பிளாஸ்டிக் சர்ஜன், குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர், குழந்தை ஐ.சி.யூ. இவ்வளவும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிற இடம்தான் வேண்டும், அதற்காகச் சென்னைக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ போக வேண்டி வந்தால் போய்விடுங்கள், காட்பாடிக்கு ரயில் சுமார் மூன்று மணி நேரம்தான். ஒரு வேண்டுகோள், சர்ஜன் பார்ப்பதற்கு முன்னால் நீங்களாக ஸ்கேன் சென்டருக்குப் போய் சி.டி. எடுக்காதீர்கள். கதிர்வீச்சைக் குறைத்து, முப்பரிமாணத்தில் எடுக்க வேண்டும். தப்பாக எடுத்தால் திரும்ப எடுக்கச் சொல்வார்கள், சின்னத் தலைக்கு இரண்டு தடவை எதற்கு.

சர்ஜனிடம் நான் கேட்க மறந்து பிறகு வருந்திய கேள்விகள் மூன்று. இந்த வயதுக் குழந்தைக்கு இதை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள். இப்போது செய்தால் எந்த முறை, மூன்று மாதம் கழித்தால் எந்த முறை. கண் டாக்டரிடம் கண்ணுக்குள் நரம்பைப் பார்க்கச் சொல்வீர்களா, ஏனென்றால் உள் அழுத்தம் அங்கே வீக்கமாகத் தெரியக்கூடும். இரண்டு சர்ஜன் இரண்டு மாதம் சொன்னால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம் இல்லை, அவரவர் பழகிய முறை வேறு. என்னைக் கேட்டால், அதிகம் செய்து பழகிய கையின் பக்கம்தான் நிற்பேன்.

ஹெல்மெட் விஷயத்தில் நம் ஊர்ப் பிரச்சினை வெயில். சித்திரை வெயிலில் சேலத்தில் பெரியவர்களுக்கே தலையில் வேர்க்குரு வரும். மூன்று மாதத்தில் ஆபரேஷன் என்றால் ஹெல்மெட் காலம் எந்த மாதங்களில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள், அளவு சரிபார்க்கச் சில வாரத்துக்கு ஒருமுறை பெரிய ஊருக்குப் போய்வர முடியுமா என்றும் பாருங்கள். முடியாது என்றால் அதையும் சர்ஜனிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஹெல்மெட்டைப் பாதியில் கழற்றி வைப்பதைவிட வேறு முறையைப் பற்றி முதலிலேயே பேசிவிடுவது மேல். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் கார்த்திகை, மார்கழி காபி பறிப்பு முடியட்டும் என்று தள்ளுவார்கள், எனக்கு அந்தக் கூலியின் அருமை தெரியும். பெரிய ஆபரேஷன் என்றால் மூன்று, நான்கு வாரம் தள்ளுவது பற்றிச் சர்ஜனிடம் பேசிப் பார்க்கலாம். எண்டோஸ்கோப் என்றால் அந்த மூன்று வாரம் வாசலையே சாத்திவிடும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று இருக்கும் கவுன்ட்டரில் முதல் நாளே போய் நில்லுங்கள். முன் அனுமதி வந்த பிறகுதான் தேதி. விவரம் கேட்க 104.

தேதி கிடைத்துவிட்டால் அதற்கு முந்தைய மாதம் முழுக்கச் சளி பிடிக்காமல் பார்ப்பதுதான் வேலை. சளியோ காய்ச்சலோ வந்தால் மறைக்காதீர்கள், சில வாரம் தள்ளுவார்கள், மயக்க மருந்தோடு சளி சேர்ந்தால் ஆபத்து. கல்யாணம், காதுகுத்து, கூட்டமான பஸ் எல்லாம் அப்புறம். தடுப்பூசி எதுவும் அந்த வாரத்தில் விழுந்தால் முன்கூட்டியே கேளுங்கள், ஊசிக் காய்ச்சலையும் நோய்க் காய்ச்சலையும் பிரிக்க முடியாது. ரத்தத்துக்கு உங்கள் பக்கம் இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள். முதல் நாள் ராத்திரி பால் எப்போது நிறுத்துவது என்பதை எழுதி வாங்குங்கள், வழக்கமாகத் தாய்ப்பால் நான்கு மணி நேரம் முன்பு, பவுடர் பால் ஆறு மணி நேரம் முன்பு. பசியில் கத்துகிற குழந்தைக்குப் பாட்டி யாராவது ஒரு பாலாடை ஊற்றிவிட்டால் அன்றைய ஆபரேஷன் போச்சு, எங்கள் வார்டில் கண்முன் நடந்தது.

பெரிய ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாளுக்கு மனதைத் தயார் செய்யுங்கள். முகம் பலூன் மாதிரி வீங்கும், இரண்டு கண்ணும் மூடிக்கொள்ளும், குழந்தை உங்களைத் தேடிக் கையை மட்டும் ஆட்டும். இதை எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. நான்காவது நாள் ஒரு கண் கீற்றாகத் திறந்தது. பேசிக்கொண்டே இருங்கள், குரல் போதும் அவர்களுக்கு. ஐந்தாவது நாள் வீட்டுக்கு வந்தோம். காய்ச்சல், தையலில் நீர் கசிவு, வலிப்பு, விடாத வாந்தி என்றால் திரும்பிப் போக வேண்டும், மற்றபடி குழந்தைகள் நம்மைவிடச் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள்.

குலதெய்வம் கோயில் மொட்டை பதினோராவது மாதம் என்று வேண்டியிருந்தோம். தழும்பு மேல் சவரக்கத்தி வைக்கலாமா என்று சர்ஜனிடம் கேட்டேன், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றார். மூன்றாவது வயதில் போட்டோம், அதுவும் ஒற்றைப்படைதானே என்று மாமியாரும் ஒத்துக்கொண்டார். மொட்டை போட்ட அன்றைக்குத்தான் அந்த வளைந்து வளைந்து போகும் தழும்பை முழுதாகப் பார்த்தேன், முடி வளர்ந்தால் தெரியக் கூடாது என்று வேண்டுமென்றே நெளித்து வெட்டுவார்களாம். கண் பரிசோதனை இன்னும் வருடம் ஒரு தடவை போய்க்கொண்டிருக்கிறது. அடுத்தது வரும் வைகாசி மாதம், முழுப் பரீட்சை லீவு முடிவதற்குள் ரயில் டிக்கெட் போட வேண்டும்.